ரிவரில் விழுந்த கிங்

கேள்வி: கோவாவில் மாண்டவி ஆற்றுக் கசினோ ஒன்றில் 20,000 ரூபாயோடு போக்கர் ஆட உட்கார்ந்தேன். எனக்கு இரண்டு ஏஸ், எதிராளிக்கு இரண்டு கிங், ஃப்ளாப்புக்கு (மேஜையில் முதல் மூன்று பொதுச் சீட்டு திறப்பதற்கு) முன்பே ஆல் இன், அதாவது இருந்த பணம் முழுவதையும் கட்டிவிட்டேன். ரிவரில், அதாவது கடைசியாகத் திறக்கும் பொதுச் சீட்டில், கிங் விழுந்து அவருக்கு மூன்று கிங் ஆனது, எல்லாம் போனது. அப்புறம் இரண்டு முறை 20,000 வாங்கினேன், கிங்கும் ஏழும் வைத்துக்கொண்டெல்லாம் கால் செய்து (எதிராளி கட்டிய அளவு நானும் கட்டி) அதையும் விட்டேன். மகளின் பள்ளிக் கட்டணமும் அதில் போய்விட்டது. என் நேரம் சரியில்லையா? ஆன்லைனில் ஆடி மீட்கலாமா?
– பெயர் வேண்டாம், ஓசூர்

பதில்: அந்தக் கையை நீங்கள் சரியாகத்தான் ஆடினீர்கள். ஏஸ் ஜோடியும் கிங் ஜோடியும் அப்படி மோதினால் நூற்றுக்குச் சுமார் 82 தடவை ஏஸ் ஜெயிக்கும், மிச்சம் 18 தடவையில் ஒன்று அன்றைக்கு உங்களுக்கு வாய்த்தது. ரிவர் திறக்கும்போது தெரியாத சீட்டு 44, அதில் கிங் இரண்டே இரண்டு, ஐந்து சதவீதம்கூட இல்லை, வயிறு எரியத்தான் செய்யும். ஆனால் நேரம், ராசி என்று எதுவும் அதில் இல்லை.

சரி, அந்த கிங் கொண்டுபோனது 20,000தான். மீதி 40,000? கிங்கும் ஏழும், அதுவும் வேறு வேறு இனம் என்றால், சாதாரண நாளில் பார்த்ததும் மடித்துப் போட்டிருப்பீர்கள். போனதை அந்த மேஜையிலேயே எடுத்துவிட வேண்டும் என்ற வெறியில் ஆடியிருக்கிறீர்கள், போக்கர்காரர்கள் டில்ட் என்பது இதைத்தான், பழகிய ஆட்டக்காரர்களுக்கே வரும். அந்த நிலையில் மேஜையை விட்டு எழுந்துவிடுவது ஒன்றுதான் வழி. கட்டணப் பணம் கையில் இருந்ததால் உங்களால் எழ முடியவில்லை.

ஆன்லைன் பேச்சே வேண்டாம். பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை 2025-இல் மத்திய அரசு சட்டம் போட்டுத் தடை செய்துவிட்டது. இன்னும் திருட்டுத்தனமாக நடக்கிற செயலியில் நீங்கள் ஜெயித்தாலும் பணம் வரும் என்பதற்கு யார் பொறுப்பு? கோவாவுக்கும் இப்போதைக்குப் போகாதீர்கள். ஆடாமல் இருக்கவே முடியவில்லை என்றால் அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416-ஐ அழையுங்கள், இலவசம், தமிழிலேயே பேசலாம்.

கட்டணம் கட்டும் தேதிக்கு முன்பே மனைவியிடம் சொல்லிவிடுங்கள். கெட்ட கை வந்து 20,000 போச்சு என்று குறைத்துச் சொல்லாமல், முழு 60,000-ஐயும் சொல்லுங்கள். பள்ளியில் தவணை கொடுப்பார்களா என்று இருவரும் சேர்ந்தே போய்க் கேளுங்கள்.