கருங்கல் தூண்களில் படரும் ஆல்பரீனியோ

ஸ்பெயினின் வடமேற்கு மூலையில், அட்லாண்டிக் கடலை ஒட்டிய கலீசியா மாநிலத்தின் ரியாஸ் பைஷாஸ் பகுதியையும், அங்கு விளையும் ஆல்பரீனியோ வெள்ளை ஒயினையும் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த முறை பதில் அளிக்கிறோம்.

கேள்வி: ரியாஸ் பைஷாஸ் தோட்டங்களின் படங்களில், திராட்சைக் கொடிகள் கருங்கல் தூண்களின் மேல் ஆள் உயரத்துக்குப் பந்தலாகப் படர்ந்திருப்பதைக் கண்டேன். இடுப்பு உயரக் கம்பிகளில் கொடியை வளர்க்கும் வழக்கத்தை விட்டு, இங்கு மட்டும் ஏன் இந்த ஏற்பாடு?

பதில்: இங்கு மட்டும் என்று சொல்ல முடியாது, வட இத்தாலியின் திரெந்தீனோவிலும் பந்தல் முறை உண்டு. ஆனால் ரியாஸ் பைஷாஸில் பந்தலுக்கு முதற்காரணம் ஈரம். ஆண்டுக்குச் சுமார் 1,600 மில்லிமீட்டர் மழை பெய்யும் நிலம் அது. மழையின் பெரும்பகுதி குளிர்காலத்தில் கொட்டித் தீர்ந்துவிட்டாலும், கடலிலிருந்து வரும் ஈரக்காற்று கோடையிலும் ஓய்வதில்லை. இலையும் குலையும் நனைந்தபடியே இருந்தால் அடிச்சாம்பல் போன்ற பூஞ்சை நோய்கள் சில நாட்களிலேயே தோட்டத்தைப் பிடித்துவிடும். கொடியை உயரே ஏற்றிப் பந்தலில் விட்டால், குலைகள் இலைகளுக்குக் கீழே தனித்துத் தொங்குகின்றன; நிலத்தின் ஈரம் அவற்றை எட்டுவதில்லை; அடியில் புகுந்து செல்லும் காற்று அவற்றை உலர்த்திவிடுகிறது. ஆல்பரீனியோ பழத்தின் தோல் தடித்தது என்பதும் துணைசெய்கிறது என்றாலும், தோலை மட்டும் நம்பி அங்கு யாரும் விவசாயம் செய்வதில்லை.

இன்னொரு காரணம் நிலத்தின் அளவு. தலைமுறை தலைமுறையாகப் பாகம் பிரிந்து, பல குடும்பங்களிடம் வீட்டுக் கொல்லை அளவுத் துண்டுகளே எஞ்சின. பந்தல் மேலே இருந்தால் கீழே உருளைக்கிழங்கும் முட்டைக்கோசும் பயிரிடலாம். மாட்டுக்குப் புல்லும் கிடைக்கும். தூணுக்குக் கருங்கல்லைத் தேர்ந்ததில் அலங்கார நோக்கம் எதுவும் இருந்ததாகத் தோன்றவில்லை. அந்த ஈரத்தில் மரம் உளுத்துப்போகும். கருங்கல்லோ தோண்டிய இடமெல்லாம் கிடைக்கிறது. அதே கல் சிதைந்து உண்டான மணற்பாங்கான மண், மழைநீரைத் தேக்காமல் வடித்துவிடுவதால்தான், அத்தனை மழையிலும் வேர்கள் அழுகாமல் தப்பிக்கின்றன.

பந்தலுக்கு விலையும் உண்டு. இலை அடர்ந்து நிழல் கட்டிவிட்டால் பழம் பழுக்காது என்பதால் கோடை முழுவதும் இலை கிள்ள வேண்டும். செப்டம்பரில் பெட்டிகளின் மேல் ஏறி நின்று, அண்ணாந்தபடியே கையால்தான் குலைகளைக் கொய்ய வேண்டும். புதிய தோட்டங்கள் சில கம்பி முறைக்கு மாறியிருப்பதன் காரணம் இந்தக் கழுத்துவலியிலேயே புரிந்துவிடும்.

கேள்வி: ஏறக்குறைய ரோம் நகரின் அட்சரேகையில் இருக்கும் இடத்தைக் குளிர்ப் பகுதி என்று அழைப்பது பொருந்துமா? ஒயினில் உப்புச் சுவை இருப்பதாகவும் சொல்கிறார்களே, அது கடலிலிருந்து வருவதா?

பதில்: பொருந்தும். ரியா என்பது, கடல்மட்டம் உயர்ந்தபோது மூழ்கிப்போன ஆற்றுப் பள்ளத்தாக்கு; கடல் விரல்களைப் போல நிலத்துக்குள் நெடுந்தூரம் நுழைந்திருப்பதால், தோட்டங்கள் பலவும் அதன் குளிர்மூச்சுக்கு எட்டும் தொலைவிலேயே உள்ளன. அந்த நீர் குளிர்காலத்தில் கடும்பனியைத் தடுக்கிறது; கோடையில் வெப்பம் ஏறவிடுவதில்லை. பழம் நிதானமாகப் பழுப்பதால் அதிலுள்ள மாலிக் அமிலம் எரிந்து தீராமல் தங்குகிறது. ஆல்பரீனியோவின் கூரிய புளிப்புக்கு அதுவே அடிப்படை. கடலுக்கு மிக நெருங்கிய வல் தோ சல்னேஸ் துணைப்பகுதியின் ஒயின் கூர்மையாகவும், உள்நாட்டில் வெப்பம் கூடிய கொண்டாதோ தோ தேயாவின் ஒயின் சற்றுப் பழுத்த, உருண்ட சுவையுடனும் இருப்பதை அருகருகே வைத்துச் சுவைத்தால் எளிதில் உணரலாம்.

உப்பைப் பற்றிக் கேட்டால், கடற்காற்று உப்பைச் சுமந்துவந்து பழத்தில் தெளிப்பதாகக் கூறும் விற்பனைப் பேச்சை நான் ஏற்பதில்லை. மிகுந்த புளிப்பும், இனிப்பு எஞ்சாத வறண்ட முடிவும், தோலிலிருந்து வரும் மெல்லிய கசப்பும் ஒன்றுசேரும்போது நாக்குக்கு உப்பு நினைவுக்கு வருகிறது. அரூசா ரியாவில் மரத் தெப்பங்களில் கயிறு தொங்கவிட்டு வளர்க்கும் சிப்பிகளோடு அருந்தும்போது அந்த நினைவு இன்னும் அழுத்தம் பெறுவதில் வியப்பில்லை.

கேள்வி: ஆல்பரீனியோ என்பது ஜெர்மனியிலிருந்து துறவிகள் கொண்டுவந்த ரீஸ்லிங் திராட்சைதான் என்று படித்தேன். உண்மையா?

பதில்: இல்லை. கலீசியாவிலுள்ள சந்தியாகோ தே கொம்போஸ்தெலாவுக்குப் புனித யாத்திரை வந்த துறவிகளோடு இணைத்துச் சொல்லப்படும் அழகான கதை அது. மரபணு ஆய்வு அதை ஆதரிக்கவில்லை. கலீசியாவுக்கும், மீன்யோ ஆற்றின் மறுகரையில் இதே திராட்சையை அல்வரீனியோ என்றழைக்கும் வட போர்ச்சுகலுக்கும் உரிய இரகம் என்றே இன்று கருதப்படுகிறது. பெயர்க் குழப்பம் துறவிகளின் காலத்தோடு முடிந்துவிடவுமில்லை. ஆஸ்திரேலிய விவசாயிகள் ஆல்பரீனியோ என்று நம்பி நட்டு, அதே பெயரில் விற்றும் வந்த கொடிகள் பிரான்ஸின் சவன்யான் இரகம் என்பது 2009இல் மரபணுச் சோதனையில் உறுதியானது. ஸ்பெயினிலிருந்து தருவித்த மூலக் கொடிகளே தவறான பெயருடன் வந்ததன் விளைவு அது; நட்டவர்கள் மீது பிழை சொல்ல முடியாது.

கேள்வி: சில புட்டிகளில் ஆல்பரீனியோ என்றும் சிலவற்றில் ரியாஸ் பைஷாஸ் என்று மட்டும் இருப்பது ஏன்?

பதில்: முன்னது இரகத்தின் பெயர், பின்னது இடத்தின் பெயர். 1980இல் இங்கு முதலில் கிடைத்த அங்கீகாரம் திராட்சையின் பெயரிலேயே இருந்தது. 1986இல் ஸ்பெயின் ஐரோப்பியச் சமூகத்தில் சேர்ந்தபின், இரகத்தின் பெயரால் அல்லாமல் இடத்தின் பெயரால்தான் பாதுகாப்பு என்ற விதிக்கு இணங்க, 1988இல் ரியாஸ் பைஷாஸ் என்ற புவிசார் பெயர் உருவாயிற்று. பெயரில் ஆல்பரீனியோவும் சேர்ந்திருந்தால் அது முழுக்க அந்தத் திராட்சையிலிருந்து செய்யப்பட்டது. ஓ ரொசால் போன்ற துணைப்பகுதிகளில் லோரெய்ரோ முதலிய உள்ளூர் இரகங்களைக் கலப்பதும் உண்டு. கலப்பு என்பதற்காக அவற்றை ஒதுக்க வேண்டாம், மணத்தில் அவை பலமுறை முந்திக்கொள்ளும்.

கேள்வி: வாங்கிய ஆண்டிலேயே அருந்திவிட வேண்டுமா?

பதில்: எவர்சில்வர் தொட்டியில் நொதித்து, அடுத்த வசந்தத்திலேயே புட்டியில் அடைக்கப்பட்டவற்றை ஓரிரு ஆண்டுகளுக்குள் அருந்துவதே நல்லது. நொதித்தபின் அடியில் தங்கும் ஈஸ்ட் மண்டியின் மேல் பல மாதங்கள் வைத்திருந்து எடுத்தவை அப்படியல்ல. ஐந்தாறு ஆண்டுகளானாலும் புளிப்பு குன்றாமல், எலுமிச்சை மணம் தேனையும் பாதாமையும் நோக்கி நகரும். இவ்வகையை மிகவும் குளிரவைத்தால் அந்த மணம் அடங்கிவிடும். 10 முதல் 12 பாகை செல்சியஸ் போதும்.