பென்ஷன் பணத்தில் பழைய எம்ஜிஏ காரைப் புதுப்பிக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 59. கவன்ட்ரியில் மெஷினிஸ்டாக வேலை பார்க்கிறேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் போன வருடம் காலமானார். அவருடைய கராஜில் 1960-ஆம் ஆண்டு எம்ஜிஏ 1600 ரோட்ஸ்டர் ஒன்று இருக்கிறது, மேற்கூரை திறக்கும் பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். 1978-இல் பிரித்துப் போட்டவர் திரும்பப் பூட்டவே இல்லை. பாதிப் பாகங்கள் அட்டைப்பெட்டிகளில் கிடக்கின்றன. 8,000 பவுண்டுக்கு எனக்கே தருவதாக அவர் மனைவி சொல்கிறார். முழுதாகப் புதுப்பித்துத் தர ஒரு பட்டறை 45,000 பவுண்டும் அதற்கு மேல் வாட் வரியும் கேட்கிறது. புதுப்பித்த இதே கார்கள் 28,000 முதல் 35,000 பவுண்டு வரை விளம்பரத்தில் வருகின்றன. என் பென்ஷன் கணக்கில் 2,20,000 பவுண்டு இருக்கிறது. கையில் சேமிப்பு 20,000. மாதம் 600 மிச்சமாகிறது. வீட்டுக் கடன் முடிந்துவிட்டது. பழைய காரில் வரும் லாபத்துக்கு வரி கிடையாது, இது நல்ல முதலீடு என்கிறான் மகன். பென்ஷனில் கை வைக்கக் கூடாது என்கிறார் மனைவி. என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் மனைவி சொல்வதுதான் சரி. பென்ஷனைத் தொடாதீர்கள். ஆனால் காரை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. மெஷினிஸ்டாகக் கை பழகிய ஒருவருக்கு, பக்கத்து வீட்டிலேயே, 1978 வரைக்குமான கதை தெரிந்த ஒரு எம்ஜிஏ கிடைப்பது அடிக்கடி நடப்பதில்லை. அதை எந்தப் பணத்தில், எந்த வேகத்தில் செய்வது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். பட்டறைக் கூலி 45,000. 20 சதவீத வாட் சேர்த்தால் 54,000. காரின் விலை 8,000. ஆக 62,000 பவுண்டு. வேலை முடிந்த அன்றே விற்றால், நீங்கள் சொன்ன விளம்பர விலையில் மேல் விலையே கிடைத்தாலும் 35,000. அதாவது 27,000 பவுண்டு அன்றைக்கே போய்விட்டது. இதுவும் பட்டறை சொன்ன தொகைக்குள் வேலை முடிந்தால்தான். பெயின்ட்டைச் சுரண்டி உள்ளே இருக்கும் துருவைப் பார்த்த பிறகும் முதல் மதிப்பீடு அப்படியே நிற்பது அபூர்வம்.

ஏன் இவ்வளவு இடைவெளி? வெல்டருக்கு மணிக்கூலிதான் கணக்கு. கார் எது என்பது அவருக்குக் கணக்கில்லை. ஜாகுவார் எக்ஸ்கே120-க்குச் செலவாகும் அதே மாதிரி மணிநேரங்கள் எம்ஜிஏவுக்கும் செலவாகும். முடிந்த காரின் விலையில்தான் வித்தியாசம். எக்ஸ்கே120 1948 முதல் 1954 வரை சுமார் 12,000 மட்டுமே வந்தது. எம்ஜிஏ 1955 முதல் 1962 வரை அபிங்டன் தொழிற்சாலையிலிருந்து 1,01,081 வெளியே வந்தது. அருமையான கார், ஆனால் அரிய கார் இல்லை. முழுக்க முழுக்கக் கூலி கொடுத்துப் புதுப்பித்தால் இந்த ரகக் கார்களில் போட்ட பணம் திரும்பாது என்பதைப் பழைய கார் வட்டாரத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கையில் பணம் இருந்து, கார் மட்டும் வேண்டும் என்றால், வேறொருவர் செலவு செய்து முடித்த காரை 30,000 சொச்சத்துக்கு வாங்குவதுதான் மலிவு.

மகன் சொன்ன வரி விஷயம் பாதி உண்மை. சொந்த உபயோகத்துக்கான கார்களுக்கு மூலதன ஆதாய வரி கிடையாது, சரிதான். ஆனால் அதே விதியால் நஷ்டத்தையும் கணக்கில் காட்டிக் கழிக்க முடியாது. உங்கள் கணக்கில் வரப்போவது நஷ்டம் என்கிறபோது இந்தச் சலுகையால் என்ன பயன்? இன்னொன்று: வாங்கிப் புதுப்பித்து விற்பதையே தொடர்ந்து செய்ய ஆரம்பித்தால் பிரிட்டிஷ் வரித்துறையான எச்எம்ஆர்சி அதை வியாபாரமாகப் பார்க்கும், வருமான வரி கட்ட வேண்டிவரும்.

இப்போது பென்ஷன். 2,20,000-இல் கால்வாசி 55,000-ஐ வரியில்லாமல் எடுக்கலாம் என்பது உண்மை. ஆனால் தேவை 62,000. மீதி 7,000-ஐ வரிக்குட்பட்ட பகுதியிலிருந்து எடுக்க வேண்டும். நீங்கள் இன்னும் சம்பளம் வாங்குகிறவர். 20 சதவீத வரி கட்டுபவர் என்று வைத்துக்கொண்டாலும் 7,000 கைக்கு வர 8,750 எடுக்க வேண்டும். அதைவிடப் பெரிய சேதம் ஒன்று உண்டு, இது பலருக்குத் தெரிவதில்லை. வரிக்குட்பட்ட பகுதியை அப்படி ஒருமுறை தொட்டுவிட்டால், அதன்பின் உங்கள் பென்ஷனில் வரிச்சலுகையோடு வருடத்துக்கு 10,000 பவுண்டுக்கு மேல் போட முடியாது, முதலாளி போடுவதும் அதற்குள்தான். வேலையின் கடைசி வருடங்களில் கூடுதலாகப் போட நினைப்பவருக்கு இது பெரிய தடை.

அந்த 55,000 உள்ளேயே இருந்து, பணவீக்கம் போக ஆண்டுக்கு 4 சதவீதம் வளர்கிறது என்று வைத்தால், அரசு ஓய்வூதியம் தொடங்கும் 67 வயதில் சுமார் 75,000 ஆகியிருக்கும். 4 சதவீதம் உத்தரவாதம் இல்லை, நான் போட்ட அனுமானம்தான். ஆனாலும் காரில் போனால் அந்தப் பணம் சுருங்கும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

சரி, நான் சொல்லும் வழி இது. மாதம் மிச்சமாகும் 600-இல் 350-ஐக் காருக்கென்று தனிக் கணக்கில் போடுங்கள். நான்கு வருடத்தில் 16,800 வரும். மீதி 250 வழக்கம்போல் சேமிப்புக்குப் போகட்டும். காரை வாங்கும் பணம் மட்டும் கையிருப்பிலிருந்து. அதன்பின் குறைந்தது 12,000 கையில் இருக்கும்; அவசரத்துக்கான அதைத் தொடக் கூடாது. கணக்கில் பணம் தீர்ந்தால் அந்த மாதம் வேலை நிற்கும், அவ்வளவுதான். கார் 1978-லிருந்து காத்திருக்கிறது, இன்னும் சில மாதம் காத்திருக்கும்.

விலை பேசுவதற்கு முன் பெட்டிகளை எல்லாம் தரையில் பரப்பி, பாகங்களின் பட்டியலோடு ஒப்பிட்டு எண்ணுங்கள். பிரித்துப் போட்ட காரில் உண்மையான விலையைத் தீர்மானிப்பது இல்லாத பாகங்கள்தான். எம்ஜி கார் கிளப் 1930-இல் தொடங்கியது, தலைமையிடம் அபிங்டனிலேயே இருக்கிறது. அங்கே எம்ஜிஏ தெரிந்த ஒருவரைக் கேட்டு, நடுநிலையான விலை ஒன்றைச் சொல்லச் சொல்லுங்கள். அது 8,000-க்குக் குறைவாக இருந்தால் அந்த அம்மாவிடம் காட்டிப் பேசுங்கள். அதிகமாக இருந்தாலும் காட்டுங்கள். கணவரை இழந்தவரிடம் விவரம் தெரியாத விலைக்கு வாங்கக் கூடாது.

அடுத்தது காரின் அடையாளம். சேஸி எண் ஜிஎச்என் என்று தொடங்கினால் வலது பக்க ஸ்டியரிங்கோடு பிறந்த கார். ஜிஎச்என்எல் என்றிருந்தால் இடது பக்கம். எம்ஜிஏக்களில் பெரும்பகுதி அமெரிக்காவுக்குப் போனவை. பின்னாளில் திரும்பி வந்து ஸ்டியரிங் மாற்றப்பட்டவை இங்கே நிறைய. உள்நாட்டிலேயே விற்ற கார் என்றால் அதற்குத் தனி மதிப்பு உண்டு. கெய்டனில் இருக்கும் பிரிட்டிஷ் மோட்டார் மியூசியம் பழைய உற்பத்திப் பதிவேடுகளை வைத்திருக்கிறது. கட்டணம் கட்டினால் சேஸி எண், எஞ்சின் எண், முதல் நிறம், எந்த நாட்டுக்கு அனுப்பப்பட்டது என்பதெல்லாம் எழுதிய ஹெரிடேஜ் சான்றிதழ் தருவார்கள். நீங்கள் செய்யப்போகும் செலவுகளில் மிகச் சிறியது இதுதான், மிகப் பயனுள்ளதும் இதுதான்.

உங்கள் விஷயத்தில் இன்னொரு சிக்கல் இருக்கலாம். 1978-லிருந்து சாலைக்கு வராத கார், வாகனப் பதிவுத்துறையான டிவிஎல்ஏயின் கணினிப் பதிவில் ஏறாமலே போயிருக்க வாய்ப்புண்டு; பழைய கார்களை அதில் ஏற்றுவது 1983-இல் நிறுத்தப்பட்டது. அப்படியானால் பழைய லாக் புக்கை, அதாவது காரின் பதிவுப் புத்தகத்தை, தேடி எடுங்கள். அது இருந்தால் வி765 என்ற படிவம் வழியாக, கிளப்பின் சிபாரிசோடு, பழைய நம்பரையே மீட்கலாம். அப்படி மீட்ட நம்பரை வேறு காருக்கு மாற்றி விற்க முடியாது. ஆனால் பிறந்தபோது இருந்த நம்பரோடு நிற்கும் கார் விற்கும்போது தனியாகத் தெரியும். ஆகவே பெட்டிகளோடு காகிதங்களையும் கேட்டு வாங்குங்கள். பழைய வரி வில்லைகள், பில்கள், போட்டோக்கள், எதுவும் குப்பைக்குப் போகக் கூடாது.

இனி பாகங்கள். பணம் மிச்சமாவதும் வீணாவதும் இங்கேதான். நான் வற்புறுத்திச் சொல்வது ஒன்றுதான்: பழைய பாகம் எவ்வளவு மோசமாக இருந்தாலும் தூக்கிப் போடாதீர்கள். எஞ்சினுக்குப் பெட்ரோலையும் காற்றையும் கலந்து தரும் எஸ்யூ கார்புரேட்டர்கள் இரண்டும் இருக்கின்றனவா பாருங்கள். அவற்றில் தேய்வது பெரும்பாலும் த்ராட்டில் ஸ்பிண்டிலும் அது சுழலும் துளையும்தான். தேய்ந்த இடம் வழியாகக் காற்று புகுந்து எஞ்சின் சீராக ஓடாது. துளையைப் பெரிதாக்கிப் புஷ் அடித்து, புது ஸ்பிண்டில் போட்டால் அதே கார்புரேட்டர் மறுபடி வேலை செய்யும். இது உங்கள் தொழிலே அல்லவா? எஸ்யூ பாகங்களை சாலிஸ்பரியில் இருக்கும் பர்லன் நிறுவனம் இன்றும் தயாரிக்கிறது. லீவர் ஷாக் அப்சார்பர்களும் அப்படித்தான்: பழையதைக் கொடுத்தால் ரிப்பேர் செய்ததைத் தருவார்கள். பழையது கொடுக்காதவரிடம் கூடுதலாக ஒரு தொகை பிடித்துக்கொள்வார்கள். துருப்பிடித்த அந்த இரும்பும் பணம்தான்.

லூகாஸ் மின்சாரப் பாகங்களில் பலவற்றில் தயாரித்த மாதமும் ஆண்டும் பொறித்திருக்கும். உங்கள் காரின் டைனமோவிலும் ஸ்டார்ட்டரிலும் கார் பிறந்த காலத்தை ஒட்டிய தேதி இருந்தால் அவற்றைச் சரிசெய்து அங்கேயே மாட்டுங்கள். விவரம் தெரிந்து வாங்குபவர் குனிந்து பார்ப்பது இதைத்தான். எஞ்சின் மூடியும் டிக்கி மூடியும் கதவுகளின் வெளித்தகடும் அலுமினியம். துருப்பிடிக்காது, பெரும்பாலும் நெளிவு எடுத்தால் போதும். புதிதாக வாங்கவே வேண்டாம்.

மாறாக, ரப்பர், பிரேக் குழாய், தரைப்பலகை, கதவுக்குக் கீழே ஓடும் சில் (sill) தகடு போன்றவற்றை யோசிக்காமல் புதிதாக வாங்குங்கள். தரை இந்தக் காரில் ப்ளைவுட்தான், அசலிலேயே அப்படி. எரிபொருள் குழாய்களில் மட்டும் மலிவைப் பார்க்காதீர்கள். 2021 முதல் இங்கே சாதாரண பெட்ரோல் இ10, அதாவது 10 சதவீதம் வரை எத்தனால் கலந்தது, ஆகிவிட்டது. அதில் இருக்கும் எத்தனால் பழைய ரப்பரை அரிக்கும். எத்தனால் தாங்கும் குழாய் போட்டு, எத்தனால் குறைந்த இ5 பெட்ரோல் ஊற்றுங்கள். டிஸ்ட்ரிப்யூட்டரின் ரோட்டர் ஆர்ம் போன்ற சில்லறைப் பாகங்களில் மலிவான நகல்கள் சீக்கிரம் பழுதாகி நடுவழியில் நிறுத்திவிடும். அங்கே நல்ல தயாரிப்புக்கு நாலு பவுண்டு கூடக் கொடுப்பது லாபம்.

இல்லாத பாகத்துக்கு ஹாம்ப்ஷயரில் பியூலியூவில் 1967 முதல் நடக்கும் ஆட்டோஜம்பிள் சந்தைக்குப் போய்ப் பாருங்கள், வழக்கமாகச் செப்டம்பரில் வரும். கையில் எடுத்து, அளவெடுத்து வாங்கலாம். அமெரிக்காவிலிருந்து வரவழைத்தால் தபால் செலவோடு 20 சதவீத வாட்டும், சில சமயம் சுங்கமும் சேரும். விலையை ஒப்பிடும்போது இதையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

பட்டறைக்குக் கொடுக்க வேண்டிய வேலை இரண்டு: சேஸி, சில் வெல்டிங்கும், கடைசிப் பெயின்ட்டும். வெல்டிங்கில் ஒன்றைக் கண்ணால் பார்த்து உறுதி செய்யுங்கள். பாடி சேஸியின் மேல் போல்ட் போட்டு உட்கார்ந்த நிலையில், கதவை மாட்டி, சுற்றிலும் இடைவெளி சமமாக இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் சில்லைப் பற்றவைக்க வேண்டும். கதவு இல்லாமல் பற்றவைத்தால் பாடி ஒரு சில மில்லிமீட்டர் நகர்ந்துவிடும், பிறகு கதவு எக்காலத்திலும் சரியாக மூடாது. அதைத் திருத்த மறுபடி வெட்ட வேண்டும், மறுபடி கூலி.

முழுப்பணத்தையும் முன்பணமாகக் கொடுக்காதீர்கள். என்ன வேலை, எவ்வளவு என்று எழுதி வாங்கி, முடிந்த கட்டத்துக்கு மட்டும் கொடுங்கள். முன்பணத்தில் ஒரு பகுதியையாவது கிரெடிட் கார்டில் கட்டினால், 100 பவுண்டுக்கு மேல் 30,000 வரையிலான வேலைக்கு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-ஆம் பிரிவுப் பாதுகாப்பு கிடைக்கும். பட்டறை மூடிப்போனால் கார்டு நிறுவனத்திடம் கேட்கலாம். கொடுக்கும் பாகங்களைப் படம் எடுத்துப் பட்டியலில் கையெழுத்து வாங்குங்கள். கார் பட்டறையில் இருக்கும்போதும் காப்பீடு இருக்கட்டும். ஓட ஆரம்பித்ததும், விலையை முன்கூட்டியே ஒப்புக்கொள்ளும் பாலிசிக்கு மாற்றுங்கள். இல்லாவிட்டால் விபத்துக்குப் பிறகு காரின் மதிப்பை அவர்கள்தான் சொல்வார்கள்.

40 வயது கடந்த கார் என்பதால் சாலை வரி இல்லை, பெரிய மாற்றங்கள் செய்யாதவரை எம்ஓடி என்ற வருடாந்திரப் பாதுகாப்புச் சோதனையும் கட்டாயம் இல்லை. ஆனாலும் முதல்முறை ஓட்டுவதற்கு முன் எம்ஓடிக்குக் கொண்டுபோங்கள். நீங்களே பூட்டிய பிரேக்கை இன்னொருவர் பார்ப்பது நல்லது.

நான்கு வருடத்தில் முடியும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன், ஆறு ஆகலாம். விலையோடு சேர்த்து மொத்தம் 25,000 பவுண்டு அளவில் நிற்கும், அதுவும் உங்கள் உழைப்புக்குக் கூலி போடாமல். அந்தப் பணத்தை விடுமுறைச் செலவு மாதிரி செலவாகவே எழுதுங்கள், சொத்துப் பட்டியலில் சேர்க்காதீர்கள். மனைவியிடம் இந்தக் கணக்கை அப்படியே காட்டுங்கள். பென்ஷன் பற்றி இன்னும் கேள்வி இருந்தால், 50 வயது கடந்தவர்களுக்கு அரசு நடத்தும் பென்ஷன் வைஸ் என்ற வழிகாட்டல் சேவையில் நேரம் பதிவு செய்து இருவரும் சேர்ந்தே பேசுங்கள், அதற்குக் கட்டணம் கிடையாது.