அமெரிக்க ஓட்டக்காரர் நோவா லைல்ஸ் ஏன் இவ்வளவு அலட்டுகிறார்? ஜமைக்காவின் உசைன் போல்ட்டை ரசித்த நமக்கு இவரை மட்டும் ஏன் பிடிப்பதில்லை?

அலட்டலில் இருவருக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. ஜெயித்த இடைவெளியில்தான் வித்தியாசம். போல்ட் ரசிகர்கள் சண்டைக்கு வருமுன் சொல்லிவிடுகிறேன், அவரைக் குறைத்துப் பேச இதை எழுதவில்லை. நூறு மீட்டரில் அவருடைய 9.58 நொடி உலக சாதனை அப்படியே நிற்கும்வரை அவர்தான் ராஜா.

பாரிஸ் 2024 ஒலிம்பிக் நூறு மீட்டர் இறுதியைப் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். பெயர் சொல்லி அழைத்ததும் லைல்ஸ் துள்ளிக் குதித்துக்கொண்டு டிராக்கில் வெகுதூரம் ஓடிவந்தார். டிவியில் பார்ப்பவருக்கு அது வெறும் சீன். ஆனால் ஓடத் தொடங்கும் பிளாக்கில் கால் வைக்குமுன் முழங்காலை நெஞ்சுவரை தூக்கி இரண்டு மூன்று முறை குதிப்பது பெரும்பாலான ஸ்பிரிண்டர்களின் வழக்கம். வார்ம்-அப் முடித்து, வீரர்களைக் கூட்டி வைக்கும் அறையில் காத்திருந்து, வரிசையாக நடந்து வந்து, விளக்குகளை அணைத்து ஒவ்வொருவராக அறிமுகப்படுத்தும்வரை நிற்பதற்குள் சூடேறிய தசை ஆறத் தொடங்கிவிடும். குதிப்பது அதைத் திரும்ப எழுப்பத்தான். லைல்ஸ் அதையே கூட்டத்துக்கான காட்சியாகவும் ஆக்கிக்கொண்டார்.

அளவு மீறினால் அதற்கும் விலை உண்டு. நான்கு நாள் கழித்து 200 மீட்டர் இறுதியில், கோவிட் தொற்றோடும் சிறுவயது முதலே இருக்கும் ஆஸ்துமாவோடும், அதே துள்ளலோடு வந்தார். 19.70-இல் மூன்றாவது. முடிந்ததும் தரையில் சாய்ந்தவரை சக்கர நாற்காலியில்தான் கொண்டுபோனார்கள். துள்ளியதால்தான் தோற்றார் என்று நான் சொல்லவில்லை. மூச்சு திணறும் நாளில் அந்தச் செலவு தேவையா என்றுதான் கேட்கிறேன்.

இந்தக் கூத்துக்கு விதியில் ஓர் எல்லை இருக்கிறது. ஸ்டார்ட்டர் 'ஆன் யுவர் மார்க்ஸ்' என்று சொல்லும்வரை கை காட்டலாம், முத்தம் விடலாம், அம்பு எய்வதுபோல நிற்கலாம். சொன்ன பிறகு தாமதித்தாலோ, சத்தமோ அசைவோ செய்து அடுத்தவரைக் கலைத்தாலோ எச்சரிக்கை அட்டை வரும். அதே போட்டியில் இன்னொன்று வாங்கினால் வெளியே. 'செட்' சொன்ன பிறகு துப்பாக்கிச் சத்தத்திலிருந்து 0.100 நொடிக்குள் அசைந்தால் ஃபால்ஸ் ஸ்டார்ட். 2010 முதல் ஒரே தவறுக்கு ஓட்டம் முடிந்தது. 2011 டேகு உலகப் போட்டியில் போல்ட் வெளியேறியது இப்படித்தான். வழக்கம்போல கேமராவுக்குச் சேட்டை எல்லாம் செய்துவிட்டு, துப்பாக்கிக்கு முன்பே கிளம்பிவிட்டார். தங்கம் 9.92-இல் யோஹான் பிளேக்குக்குப் போனது.

இப்போது இடைவெளி விஷயம். 2008 பெய்ஜிங்கில் போல்ட் 9.69, அடுத்து வந்த ரிச்சர்ட் தாம்சன் 9.89. ஷூ லேஸ் அவிழ்ந்திருக்க, கடைசிச் சில அடிகளில் கையை விரித்து, நெஞ்சைத் தட்டிக்கொண்டே கோட்டைத் தாண்டினார். அந்தக் கொண்டாட்டம் இல்லாமல் ஓடியிருந்தால் 9.55-க்கும் 9.61-க்கும் இடையில் வந்திருக்கும் என்று நார்வே இயற்பியலாளர்கள் வீடியோவை வைத்துக் கணக்குப் போட்டார்கள். அதாவது கிட்டத்தட்ட ஒரு பத்தில் ஒரு பங்கு நொடியை அள்ளி வீசிவிட்டும் 0.20 வித்தியாசம். அப்போது ஒலிம்பிக் கமிட்டித் தலைவராக இருந்த ஜாக் ரோக், எதிராளிகளுக்கு மரியாதை காட்டவில்லை என்று வெளிப்படையாகக் குறை சொன்னார். இன்று அது யாருக்கு நினைவிருக்கிறது? அடுத்த வருடம் பெர்லினில் 9.58 வந்ததும் எல்லாம் அழகாகிவிட்டது.

லைல்ஸுக்கு பாரிஸில் கிடைத்த இடைவெளி 0.005 நொடி. அவர் 9.784, ஜமைக்காவின் கிஷேன் தாம்சன் 9.789. லைல்ஸின் ரியாக்‌ஷன் (துப்பாக்கிச் சத்தம் கேட்டு அசைய எடுத்த நேரம்) 0.178, எட்டுப் பேரில் அவரும் போட்ஸ்வானாவின் டெபோகோவும்தான் கடைசி. முப்பது மீட்டரில் அவர் எட்டாவது. கோட்டில் தாம்சனின் பாதம் முன்னால் இருந்தது. ஆனால் பாதமோ தலையோ கணக்கில் வராது, உடற்பகுதி எப்போது கோட்டைத் தொடுகிறது என்பதுதான் கணக்கு. ஸ்கோர்போர்டு மௌனமாக இருந்த அந்த நேரத்தில் லைல்ஸ் தாம்சனிடம் போய், நீதான் ஜெயித்திருப்பாய் என்று நினைக்கிறேன் என்றார். ஆணவக்காரர் என்று முத்திரை குத்துபவர்கள் இந்தப் பகுதியை மட்டும் வசதியாக விட்டுவிடுவார்கள்.

தன்னம்பிக்கை என்பது அந்தத் துள்ளலில் இல்லை. 60 மீட்டருக்குப் பிறகுதான் தெரியும். உச்ச வேகம் வந்த பிறகு எல்லோருமே வேகம் இழக்கிறார்கள். போல்ட்டே பெர்லினில் 60-லிருந்து 80 வரை 1.61 நொடி, கடைசி 20 மீட்டருக்கு 1.66. கடைசியில் பாய்ந்து வருவதுபோலத் தெரிபவர் உண்மையில் மற்றவர்களைவிடக் குறைவாக வேகம் இழப்பவர். பக்கத்து லேன்காரர் தெரிந்ததும் பதறினால் தாடை இறுகும், தோள் மேலேறும், கை வீச்சு குறுகும், காலடி தரையில் கூடுதல் நேரம் தங்கும். 2007 ஒசாகா உலகப் போட்டியில் ஜமைக்காவின் அசஃபா பவலுக்கு நடந்தது இதுதான். முன்னால் இருந்தவர், அமெரிக்காவின் டைசன் கே பக்கத்தில் வந்ததும் இறுகிப்போய் 9.96-இல் மூன்றாவது. இரண்டே வாரத்தில் இத்தாலியின் ரியேட்டியில், அழுத்தமில்லாத ஒரு தகுதிச் சுற்றில், 9.74 என்று உலக சாதனை. பத்து நொடிக்குள் அவர் அளவுக்கு அதிக முறை ஓடியவர் வேறு யாருமில்லை. எல்லோருக்கும் பிடித்த மனிதர். தனிநபர் ஓட்டத்தில் ஒலிம்பிக்கிலோ உலகப் போட்டியிலோ ஒரு தங்கம் கூட இல்லை.

போல்ட்டும் பிறக்கும்போதே அப்படி இல்லை. 2002-இல் கிங்ஸ்டனில் உலக ஜூனியர் போட்டிக்கு வந்தபோது வயது 15. சொந்த ஊர்க் கூட்டத்தைப் பார்த்த பதற்றத்தில் ஷூவை இடம் வலம் மாற்றிப் போட்டுக்கொண்டார். பிறகு செய்த சேட்டைகள் எல்லாம் உடம்பைத் தளர்வாக வைத்துக்கொள்ளும் வழி என்றே நான் பார்க்கிறேன். அவருக்கு அது வேலை செய்தது. உங்கள் வீட்டில் ஓடுகிற பிள்ளை இருந்து அதைப் பார்த்துப் பழகினால் உடனே தடுக்க வேண்டாம். 'ஆன் யுவர் மார்க்ஸ்' சொன்னதும் முகம் சட்டென்று அடங்குகிறதா என்று மட்டும் பாருங்கள். அடங்காவிட்டால் அது பதற்றம், நம்பிக்கை இல்லை.

இடைவெளி மட்டுமே காரணம் என்று சொன்னால் அதுவும் முழுசாகாது. விரல் யாரை நோக்கி நீள்கிறது என்பதும் இருக்கிறது. போல்ட்டின் விரல் பெரும்பாலும் வானத்தை நோக்கியே போனது. லைல்ஸ் 2023-இல், அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ. கோப்பை ஜெயித்தவர்கள் எதற்கு உலக சாம்பியன், அமெரிக்காவுக்கா என்று கேட்டார். சொன்னதில் தப்பில்லை, ஆனால் கூடைப்பந்து உலகமே திரும்பிப் பாய்ந்தது. 2025 யூஜீனில் 200 மீட்டரை 19.63-இல் முடிக்கும்போது பக்கத்தில் வந்த சக அமெரிக்கர் பெட்னரெக்கைத் திரும்பி முறைத்தார், கோட்டுக்கு அப்பால் பெட்னரெக் லைல்ஸின் முதுகில் ஒரு தள்ளு தள்ளினார். இதற்கு நேர்மாறாக, லெட்சிலே டெபோகோ தான் நோவாவைப் போல ஆணவக்காரனோ சத்தம் போடுகிறவனோ இல்லை என்று பாரிஸில் சொன்னதை எல்லோரும் கொண்டாடினோம். அதே டெபோகோதான் 2022-இல் கொலம்பியாவின் காலி நகரில் நடந்த உலக ஜூனியர் போட்டியில் 9.91 ஓடும்போதே பக்கத்து ஜமைக்கா வீரரைத் திரும்பிப் பார்த்து விரலாட்டினார். அன்று நாம் கைதட்டினோம், ஏனென்றால் போல்ட் நினைவுக்கு வந்தார்.

அலட்டாவிட்டாலும் தப்பிக்க முடியாது. 1984 லாஸ் ஏஞ்சல்ஸில் கார்ல் லூயிஸ் நீளம் தாண்டுதலில் முதல் முயற்சியிலேயே 8.54. அடுத்தது ஃபவுல், பாக்கி நான்கையும் வேண்டாம் என்று விட்டுவிட்டார். 200 மீட்டரும் ரிலேயும் மிச்சம் இருந்தன, காலைக் காப்பாற்றினார். பாப் பீமனின் 8.90 மீட்டர் உலக சாதனையை உடைப்பார் என்று வந்த சொந்த நாட்டுக் கூட்டமே கூச்சலிட்டது. நான்கு தங்கம் ஜெயித்தும் 'கணக்குப் பார்க்கிறவர்' என்ற பெயர்தான் மிஞ்சியது.

கடைசியாக ஒன்று, கேள்விக்குச் சம்பந்தமில்லாதது. நம் பத்திரிகைகள் 100 மீட்டர் நேரத்தைப் போடும்போது காற்றளவை ஏன் போடுவதில்லை? பின்காற்று நொடிக்கு 2.0 மீட்டரைத் தாண்டினால் சாதனைக் கணக்கில் சேராது. 2008 அமெரிக்கத் தேர்வில் டைசன் கே 9.68 ஓடினார், காற்று +4.1. அதே ஆண்டு போல்ட்டின் 9.69-க்குக் காற்று 0.0. வெறும் எண்ணை மட்டும் அச்சடித்தால் படிப்பவர் எதைப் பெரியது என்று நினைப்பார்? ஓர் அடைப்புக்குறியும் இரண்டு இலக்கமும் போட இடமில்லையாம், வீரர் போட்டிருந்த சங்கிலி எத்தனை பவுன் என்று எழுத மட்டும் இடம் இருக்கிறது.