பிணைக்கு வைத்த கையெழுத்து

அன்புள்ள அக்காவுக்கு,

மல்லாவிப் பக்கம் இருக்கிறேன். கணவர் மேசன் வேலை. கூடப் படித்த சிநேகிதி ஒருத்தி குழுக்கடன் எடுக்கும்போது பிணைக்கு என்னைக் கேட்டாள். மறுபேச்சில்லாமல் கையெழுத்து வைத்தேன். சில மாதம் கட்டினாள், பிறகு சொல்லாமல் வெளிநாடு போய்விட்டாள். கிழமைக்கு ஒருதரம் கடன் அறவிடுகிறவர் வந்து எங்கள் முற்றத்தில் கதிரை போட்டு இருப்பார், காசு வைக்கும்வரை எழும்ப மாட்டார். இவருக்குத் தெரியாமல் சங்கிலியை அடகு வைத்துக் கட்டினேன். ஒரு கலியாண வீட்டுக்கு வெளிக்கிடும்போது பிடிபட்டது.

அவர் இரண்டு நாள் கதைக்கவில்லை, பிறகு விட்டுவிட்டார். என்னால்தான் விட முடியவில்லை. அவள் இப்படிச் செய்வாள் என்று அன்றைக்கே தெரிந்திருக்க வேண்டாமா என்று இரவிரவாக யோசிக்கிறேன். மாதர் சங்கத்தில் பொருளாளராக இருக்கச் சொன்னார்கள், மாட்டேன் என்றேன். போன கிழமை மகள் தன் கொம்பாஸ் பெட்டியை வகுப்புப் பிள்ளைக்கு இரவல் கொடுத்ததற்கு அடித்தே விட்டேன். "ஒருத்தரையும் நம்பாதே" என்று கத்தினேன். பிழை விட்டால் பாடம் படிக்க வேண்டும் என்பார்கள். நான் படித்த பாடம் இதுதானா?

வாசகி, மல்லாவி

*

அன்புத் தங்கைக்கு,

பாடம் படித்திருக்கிறீர்கள். தேவைக்கு மிஞ்சிப் படித்துவிட்டீர்கள், அதுதான் கோளாறு. சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது என்பார்கள். பூனைக்கு அது சரி, சமைக்கிற ஆளுக்குச் சரிவராது.

சிநேகிதியை நம்பியதில் பிழை இல்லை. அவளுக்கு வேறு எங்கெல்லாம் கடன் இருக்கிறது, அவள் கட்டாவிட்டால் என் தலையில் எவ்வளவு விழும் என்று கேட்காமல் கையெழுத்து வைத்தீர்களே, பிழை அவ்வளவுதான். அடுத்தமுறை கேட்கலாம்.

அன்றைக்கே தெரிந்திருக்க வேண்டாமா என்கிறீர்கள். 1975இல் பாருக் ஃபிஷ்ஹோஃப் என்ற உளவியலாளர், பிரிட்டிஷாருக்கும் கூர்க்காக்களுக்கும் நடந்த பழைய சண்டை ஒன்றைப் பற்றி ஆட்களுக்கு வாசிக்கக் கொடுத்து, குழுவுக்கு ஒரு முடிவாகச் சொன்னார். எந்த முடிவைக் கேட்டார்களோ, அதுதான் நடக்கக் கூடுதல் வாய்ப்பு இருந்தது என்றார்கள். முடிவு தெரிந்தபிறகு எல்லாருக்கும் முதலே தெரிந்த மாதிரித்தான் இருக்கும். உங்களுக்கும் அப்படித்தான்.

இன்னொன்று. 2009க்குப் பிறகு வன்னியில் மீளக்குடியேறிய எத்தனையோ வீடுகளில் வங்கிக்குக் காட்டச் சொத்தோ சேமிப்போ இருக்கவில்லை. அயல் பெண்களின் கையெழுத்தையே பிணையாக வைத்துக் கடன் கொடுத்தார்கள். வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு இலட்சம் ரூபாய்க்குக் குறைந்த நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய 2018இல் அரசாங்கமே இறங்கி வரவேண்டியிருந்தது. அத்தனை பேருமா புத்தி கெட்டவர்கள்?

சரி, இனி நீங்கள் விரும்பாத இடத்துக்கு வருகிறேன். சங்கிலியை ஒளித்து அடகு வைத்ததை ஒரே வரியில் கடந்து போகிறீர்கள். எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. கையெழுத்து வெளியில் நடந்த விஷயம், மறைத்தது வீட்டுக்குள் நடந்தது. அந்த இரண்டு நாளும் அவர் எதற்காகக் கதைக்காமல் இருந்தார் என்று கேட்டீர்களா? கேளுங்கள். அவர் விட்டுவிட்டார் என்று நீங்களாகத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறீர்களோ தெரியாது.

இரவில் யோசிக்கிறீர்களே, அதில் புதிதாக ஏதாவது வருகிறதா? வராவிட்டால் அது உங்களையே ஏசிக்கொண்டிருப்பதுதான், வேறொன்றுமில்லை. எழும்பி ஒரு கொப்பியில் எழுதுங்கள்: அன்றைக்கு எனக்கு என்ன தெரியும், என்ன கேட்டிருக்கலாம். எழுதிவிட்டு மூடி வையுங்கள்.

அடித்தது பிழை என்று மகளிடம் நேரே சொல்லுங்கள். இரவல் கொடுக்கலாம், எப்போது திருப்பித் தருவாய் என்று கேட்டுக் கொடு என்று பழக்குங்கள். பொருளாளர் வேலையை இன்னொருமுறை யோசியுங்கள். சங்கத்துக் காசைத் தனியாளாக எடுக்க முடியாதபடிதான் கையெழுத்து முறை வைப்பார்கள். காசு விஷயத்தில் சூடுபட்ட ஆள் கணக்குக் கொப்பியைக் கவனமாகப் பார்ப்பார், நானென்றால் உங்களைத்தான் போடுவேன்.

நித்திரை இப்படியே வராவிட்டால் பக்கத்து ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவைக் கேட்டுப் போங்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தில் தமிழிலும் கதைக்கலாம். முடிந்தால் கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.