புது பிடிஓ வீட்டுக்கு எந்த மோடம், எந்த மெஷ் வைஃபை?

கேள்வி: அண்ணா, புங்கோல்ல 5 ரூம் பிடிஓ (அரசாங்கம் கட்டிக் குடுக்கிற புது ஃபிளாட்) வீட்டுக்கு இப்பதான் குடி வந்திருக்கோம். பழைய வீட்ல இருந்த ரவுட்டரையே கொண்டு வந்து மாட்டினோம், ஹால்ல நல்லா ஓடுது, மாஸ்டர் பெட்ரூம்ல ஒரு கோடுதான் காட்டுது. வீட்டுக்காரருக்கு வாரத்துல பாதி நாள் வீட்லேர்ந்து வேலை, பையன் கேம் ஆடுவான், மாமியாருக்கு ராத்திரி சீரியல். டெலிகோ கடைல கேட்டா 10 கிக் (விநாடிக்கு 10 கிகாபிட், அதாவது 10,000 எம்பிபிஎஸ்) பிளான் எடுங்க, கூடவே வைஃபை 7 மெஷ் மூணு பீஸ் போட்டாதான் சரி வரும்னு சொல்றாங்க. நல்ல மோடமும் தனியா வாங்கணுமா? எது வாங்குறதுன்னு தெளிவா சொல்லுங்க.

பதில்: முதல்ல மோடம் கதையை முடிச்சிடுவோம்ங்க, ஏன்னா அது ரொம்ப சின்ன கதை. சிங்கப்பூர்ல இப்ப வீட்டு இன்டர்நெட்டுக்கு நீங்க போய் மோடம் வாங்குற வேலையே கிடையாது. கேபிள் மோடம் வச்சு ஓட்டின காலம் ஸ்டார்ஹப் 2019-ல கேபிளை மூடினதோட போச்சு, இப்ப எல்லாம் ஃபைபர்தான். உங்க வீட்டு வாசல் பக்கம் சுவத்துல ஒரு சின்ன வெள்ளைப் பெட்டி இருக்கும் பாருங்க, அதான் டெர்மினேஷன் பாயிண்ட், அது நெட்லிங்க் டிரஸ்ட்டோட சொத்து. அதுலேர்ந்து மெல்லிசா ஒரு ஃபைபர் ஒயர் வந்து மோடத்தோட வேலையைச் செய்யுற ஓஎன்டின்னு ஒரு பெட்டில சொருகியிருக்கும், அந்தப் பெட்டியை டெலிகோதான் குடுக்கும், அவங்க சிஸ்டத்துல பதிவு பண்ணாதான் அது வேலை செய்யும், அதனால சிம் லிம் எலக்ட்ரானிக்ஸ் கடைகள்ல போய் நீங்களா ஒண்ணு வாங்கி மாட்டினா ஓடாது. சில டெலிகோ ஓஎன்டியையும் ரவுட்டரையும் ஒரே டப்பாவுல போட்டு ஓஎன்ஆர்னு குடுப்பாங்க. உங்களுக்கு எது வந்திருக்குன்னு மட்டும் பெட்டிக்கு அடியில ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர்ல பார்த்துக்கங்க, பின்னாடி தேவைப்படும்.

ஆக நீங்க காசு போட வேண்டியது ரவுட்டர் அல்லது மெஷ் மேலதான். அதுலயும் கடைக்காரர் சொன்ன மூணு பீஸ் உங்க வீட்டுக்கு வேணாம்னு நான் நினைக்கிறேன். 5 ரூம் பிடிஓன்னா இப்ப 110 சதுர மீட்டர் பக்கம்தான் வரும், ரெண்டு பீஸ் ஒழுங்கான இடத்துல வச்சா தாராளம். உங்களுக்குப் பிரச்சனை வீட்டோட பெருசு இல்ல, நடுவுல நிக்கிற பாம்ப் ஷெல்டர், அதாவது ஆபத்து நேரத்துல பதுங்குற அறை. 90-கள் கடைசிலேர்ந்து கட்டுற வீவக (அரசாங்க வீடமைப்புக் கழக) வீடுகள்ல அது கட்டாயம், சுத்தி தடியான கான்க்ரீட், உள்ள நெருக்கமா இரும்புக் கம்பி, போதாததுக்கு இரும்புக் கதவு. வைஃபை சிக்னல் அதுக்குள்ள புகுந்து அந்தப் பக்கம் வர்றது பெரும்பாடு, முக்கியமா 5 கிகாஹெர்ட்ஸ் பேண்ட், அதாவது வைஃபையோட வேகமான அலைவரிசை. டெர்மினேஷன் பாயிண்ட் ஷெல்டருக்கு இந்தப் பக்கம், மாஸ்டர் பெட்ரூம் அந்தப் பக்கம்னா நீங்க ஆயிரம் வெள்ளி ரவுட்டரைக் கொண்டு வந்து வச்சாலும் அந்த ஒரு கோடு ரெண்டு கோடு ஆகலாம், அவ்ளோதான். சில பேர் ஸ்டோர் ரூம் மாதிரி நினைச்சு ரவுட்டரையே ஷெல்டருக்குள்ள வச்சு கதவைச் சாத்திட்டு வைஃபை மோசம்னு டெலிகோவுக்கு போன் போடுறாங்க, அவங்களை என்ன சொல்றது. ஷெல்டர் சுவத்தைத் துளைச்சு ஒயர் இழுத்துடலாம்னு யாராவது காண்ட்ராக்டர் சொன்னா ஒத்துக்காதீங்க, அதுக்கு எஸ்சிடிஎஃப் (குடிமைத் தற்காப்புப் படை) விதி இருக்கு, இஷ்டத்துக்குக் குடைய முடியாது.

சரி, அந்தப் பக்கத்துக்கு சிக்னல் எப்படிக் கொண்டு போறது? இங்கதான் மெஷ் பத்தி கடையில சொல்லாத விஷயம் இருக்கு. மெஷ்னா ரெண்டு மூணு பெட்டி ஒரே வைஃபை பேர்ல வேலை செய்யுறது, அது சரி, ஆனா ரெண்டாவது பெட்டிக்கு இன்டர்நெட் எங்கேர்ந்து வருது? ஒயர் இல்லன்னா முதல் பெட்டிலேர்ந்து வைஃபைலயே வரணும், அதுவும் அதே ஷெல்டரைத் தாண்டித்தான் வரணும். அதுவும் ரெண்டு பேண்ட் மட்டும் உள்ள மலிவு மெஷ்ஷா இருந்தா உங்க போன் கூடப் பேசுறதுக்கும் முதல் பெட்டி கூடப் பேசுறதுக்கும் ஒரே ரேடியோதான், அதனால வேகம் பாதியாயிடும். ரெண்டாவது பெட்டியைத் தாண்டி மூணாவதுன்னு சங்கிலியா வச்சா அதுலயும் பாதி. போன்ல மட்டும் நாலு கோடு முழுசா காட்டும், ஏன்னா போன் காட்டுறது பக்கத்துல இருக்கிற பெட்டியோட சிக்னலை, அந்தப் பெட்டிக்குப் பின்னாடி என்ன வருதுன்னு போனுக்குத் தெரியாது. மெஷ் வாங்கியும் ஸ்லோன்னு புலம்புற வீடுகள்ல பாதிக்கு மேல இதுதான் காரணம்னு நான் சொல்லுவேன்.

அதனால பெட்டி வாங்குறதுக்கு முன்னாடி ஒயரைப் பாருங்க. புது பிடிஓவுல ஹால்லயும் ஒவ்வொரு பெட்ரூம்லயும் சுவத்துல லான் பாயிண்ட் (ஒயர்ல இன்டர்நெட் எடுக்கிற சாக்கெட்) குடுத்திருப்பாங்க, கரெண்ட் பாயிண்ட் பக்கத்துல போன் சாக்கெட் மாதிரி ஆனா கொஞ்சம் அகலமா இருக்கும். அந்த ஒயரெல்லாம் ஒரே இடத்துல வந்து சேரும், பெரும்பாலும் டெர்மினேஷன் பாயிண்ட் பக்கத்துலயோ டிபி பாக்ஸ் (கரெண்ட் சுவிட்ச் பெட்டி) பக்கத்துலயோ. அந்த முனையைத் தேடிக் கண்டுபிடிங்க, சில வீட்ல பிளக் மாட்டாம சும்மா சுருட்டி விட்டிருப்பாங்க, சில வீட்ல கார்பெண்டர் ஷூ கேபினட் போட்டு அழகா மறைச்சிருப்பார். கண்டுபிடிச்சதும் மாஸ்டர் பெட்ரூம் ஒயரை ரவுட்டருக்குப் பின்னாடி இருக்கிற லான் போர்ட்ல சொருகிட்டு, பெட்ரூம் பாயிண்ட்ல லேப்டாப்பை ஒயர் போட்டு ஸ்பீட் டெஸ்ட் ஓட்டிப் பாருங்க. ஒரு கிக் (1,000 எம்பிபிஎஸ்) பிளான்ல 900 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல காட்டினா வேலை முடிஞ்சுது, மெஷ் எந்த பிராண்டா இருந்தாலும் உங்க வீட்ல நல்லா ஓடும். 90 பக்கமே நின்னுச்சுன்னா ஒயருக்குள்ள ஒரு ஜோடி எங்கயோ ஒட்டல, எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ரெண்டு முனையிலயும் இணைப்பைத் திரும்பப் போடச் சொல்லுங்க, ஒயர் புதுசா இழுக்க வேண்டியதில்ல.

இப்படி ஒயர்ல இணைக்கிறதைத்தான் ஒயர்டு பேக்ஹால்னு சொல்றாங்க. இது உங்களுக்கு இருந்தா ட்ரை பேண்ட் மெஷ்ஷுக்குக் கூடுதலா அழ வேண்டிய காசு மிச்சம். மூணாவது பேண்டை வைக்கிறதே முக்கியமா பெட்டிங்க ஒண்ணோட ஒண்ணு பேசிக்கத்தான், அந்தப் பேச்சு ஒயர்லயே நடந்துட்டா சாதா ரெண்டு பேண்ட் வைஃபை 6 மெஷ் ரெண்டு பீஸே போதும். அதே பழைய ரவுட்டர் ஆசுஸ்னா ஏஐமெஷ்னு அந்தக் கம்பெனியோட மெஷ் வசதி இருக்கான்னு பாருங்க, இருந்தா அதே கம்பெனி பெட்டி இன்னொண்ணு மட்டும் வாங்கிச் சேர்த்துக்கலாம். டிபி-லிங்க் டெக்கோ மாதிரி இருக்கிறதெல்லாம் செட்டா வாங்குறதுதான் நிம்மதி, வேற வேற கம்பெனியைக் கலந்து மெஷ் ஆக்குற வேலை வேணாம்.

இதைப் படிக்கிற மத்தவங்க பழைய வீட்ல இருந்தா, அங்க பிடோக் மாதிரி இடத்துல லான் பாயிண்ட் எல்லாம் இருக்காதுன்னு தெரியும். ஆனா ஹால்லயும் ரூம்லயும் பழைய கேபிள் டிவி பாயிண்ட் சும்மா கிடக்கலாம், அந்தக் கோஆக்சியல் ஒயர் வழியா இன்டர்நெட் அனுப்ப மோகா அடாப்டர்னு ஒரு ஜோடி விக்கிறாங்க, ரெண்டு பாயிண்ட்டும் உங்க வீட்டுக்குள்ளயே ஒண்ணோட ஒண்ணு சேர்ந்திருந்தா அருமையா ஓடும், ஆனா சிக்னல் பக்கத்து வீட்டுக்குப் போயிடாம இருக்க ஒரு ஃபில்டரும் சேர்த்துப் போடணும். கரெண்ட் ஒயர் வழியா அனுப்புற பவர்லைன் அடாப்டரும் இருக்கு, டப்பாவுல ஆயிரம்னு போட்டிருக்கும், கையில வர்றது அதுல சின்னப் பங்குதான், ஏர்கான் ஓடும்போது இன்னும் ஆட்டம் காட்டும். அதைவிட டிரங்கிங் (ஒயரை மூடுற பிளாஸ்டிக் பட்டை) போட்டு சுவரோரமா ஒரு கேட் 6 லான் ஒயர் இழுத்துடுறது மேல், பார்க்க அழகா இருக்காது, ஆனா வருஷக்கணக்குல தொந்தரவு தராது.

இப்ப 10 கிக் கதை. அரசாங்கம் 2024-ல 10 கோடி வெள்ளி வரைக்கும் ஒதுக்கி நாடு முழுக்க ஃபைபரை 10 கிக் வேகத்துக்குத் தயார் பண்ண ஆரம்பிச்சுது, டெலிகோ எல்லாம் போட்டி போட்டு விக்கிறாங்க, விலையும் இறங்கிடுச்சு, அதனால ஒரு கிக்கும் 10 கிக்கும் மாசத்துக்குச் சில வெள்ளிதான் வித்தியாசம்னா எடுத்துக்கங்க, தப்பில்ல. ஆனா அதனால பெட்ரூம் சிக்னல் ஒரு கோடு கூட ஏறாது, அது வேற இது வேற. உங்க வீட்டுக் கணக்கைப் பாருங்க. வீட்டுக்காரர் வீடியோ மீட்டிங்குக்கு 4 எம்பிபிஎஸ், மாமியார் சீரியலை 4கே-லயே பார்த்தாலும் 25 இருந்தா போதும், பையன் கேமுக்கு ஒரு எம்பிபிஎஸ் கூட முழுசா வேணாம், அவனுக்கு வேண்டியது பிங் (சிக்னல் போய்த் திரும்புற நேரம்) ஆடாம இருக்கிறது, அதுக்கு அவன் மேசைக்கு ஒரு லான் ஒயர் போட்டுக் குடுங்க, 10 கிக்கைவிட அதான் அவனுக்குப் பெரிய பரிசு. எல்லாரும் ஒரே நேரத்துல உக்காந்தாலும் 200-ஐத் தொடுறது கஷ்டம். பெரிய கேம் டவுன்லோட் பண்றப்ப மட்டும் வித்தியாசம் தெரியும். 10 கிக்கை நிஜமாவே அனுபவிக்கணும்னா ஓஎன்டிலேர்ந்து ரவுட்டர், ஒயர், கம்ப்யூட்டர் வரைக்கும் எல்லா போர்ட்டும் 10 கிக்கா இருக்கணும், நடுவுல ஒண்ணு 1 கிக் போர்ட்டா இருந்தா எல்லாத்துக்கும் அதான் வேகம். கடையில மெஷ் வாங்கும்போது டப்பாவுக்குப் பின்னாடி இன்டர்நெட் உள்ள வர்ற வான் போர்ட் 2.5 கிக்கா 1 கிக்கான்னு படிங்க, முன்னாடி பெருசா போட்டிருக்கிற நம்பரை விடுங்க. அந்த நம்பர் எல்லா பேண்டோட வேகத்தையும் கூட்டிப் போட்டது, ஒரு போனுக்கு அது வராது.

வைஃபை 7-லயும் ஒரு சூட்சுமம் இருக்கு. பிஇ3600-ன்னு போட்ட மலிவு பெட்டிகளும் வைஃபை 7தான், ஆனா அதுல 6 கிகாஹெர்ட்ஸ் பேண்டே கிடையாது, 2.4-ம் 5-ம் மட்டும்தான். அந்த 6 கிகாஹெர்ட்ஸ்தான் பக்கத்து வீட்டுக்காரங்க நெரிசல் இல்லாத புது ரோடு, இங்க தொலைத்தொடர்பு ஆணையமான ஐஎம்டிஏ 2023-ல அதுல கீழ்ப்பாதி 500 மெகாஹெர்ட்ஸைத் திறந்து விட்டுச்சு. வைஃபை 7 விளம்பரத்துல வர்ற 320 மெகாஹெர்ட்ஸ் அகலமான சேனல் அந்த இடத்துல ஒண்ணே ஒண்ணுதான் அடங்கும், மேல வீடு கீழ வீடு எல்லாரும் வைஃபை 7 வாங்கிட்டா அங்கயும் கூட்டம்தான். தவிர 6 கிகாஹெர்ட்ஸ் சுவத்தைத் தாண்டுறதுல 5-ஐவிட இன்னும் சோம்பேறி, பெட்டி இருக்கிற ரூம்லதான் அதோட ஜம்பம். போன், லேப்டாப் எல்லாம் புதுசா வாங்கி வச்சிருக்கீங்க, நல்ல தள்ளுபடியும் கிடைக்குதுன்னா எடுங்க. இல்லன்னா வைஃபை 6 இன்னும் சில வருஷம் தாங்கும்.

எங்க வைக்கிறது? முதல் பெட்டி டிவி பக்கத்துல திறந்த இடத்துல, டிவிக்குப் பின்னாடி இல்ல, ஃபீச்சர் வால் அலமாரிக்குள்ளயும் இல்ல, நம்ம ஊர் சூட்டுக்கு மூடின அலமாரில பெட்டி வெந்துடும். ரெண்டாவது மாஸ்டர் பெட்ரூம் லான் பாயிண்ட்ல, முடிஞ்சா முகம் பார்க்கிற கண்ணாடி பதிச்ச அலமாரிக்கு எதிர்ல வைக்காதீங்க, கண்ணாடிக்குப் பின்னாடி இருக்கிற உலோகப் பூச்சு சிக்னலைத் திருப்பி அடிக்கும். ரெனோவேஷன் சாக்குல டெர்மினேஷன் பாயிண்ட்டை நகர்த்தச் சொல்லி காண்ட்ராக்டரை விட்டுடாதீங்க, அதை நெட்லிங்க் மூலமாத்தான் செய்யணும், ஃபைபரை மடக்கி உடைச்சுட்டா செலவு உங்க தலையில.

மாட்டும்போது ஓஎன்ஆர்னா கவனம். அதுக்குள்ளயே ஒரு ரவுட்டர் இருக்கு, பின்னாடி நீங்க மெஷ்ஷை இன்னொரு ரவுட்டரா மாட்டினா ரெண்டும் தனித்தனியா வேலை செஞ்சு கேம்லயும் ஆபீஸ் விபிஎன்லயும் தகராறு வரலாம். ஒண்ணு டெலிகோகிட்ட பிரிட்ஜ் மோடு (ஓஎன்ஆர்ல இருக்கிற ரவுட்டர் வேலையை நிறுத்துறது) கேளுங்க, இல்லன்னா மெஷ்ஷை ஆக்சஸ் பாயிண்ட் மோடுல (வைஃபை மட்டும் குடுக்கிற மாதிரி) போடுங்க. மாமியார் சீரியல் டெலிகோ டிவி பாக்ஸ்ல வருதுன்னா வாங்குறதுக்கு முன்னாடியே அந்த மெஷ்ல ஐபிடிவி, விலான் செட்டிங் இருக்கான்னு கேட்டுடுங்க, சிங்டெல் டிவி மாதிரி பாக்ஸுக்கு தனி விலான்ல (அதே ஒயர்ல டிவிக்குன்னு பிரிச்ச தனி வழில) சிக்னல் வரும், சில மெஷ்ல அந்த வசதியே கிடையாது, அப்புறம் ராத்திரி எட்டு மணிக்கு வீட்ல நீங்கதான் பதில் சொல்லணும் லா.

வெளிநாட்டு ஆன்லைன் கடைல மலிவா இருக்குன்னு அமெரிக்க மாடல் இழுத்துப் போடாதீங்க, அங்கத்த சேனல் அமைப்பு வேற, பிளக் வேற, வாரண்டிக்கு இங்க யாரும் பொறுப்பு இல்ல. இங்க விக்கிற வைஃபை ரவுட்டருக்கு சைபர் பாதுகாப்பு முத்திரை கட்டாயம், டப்பாவுல அது இருக்கான்னு பார்த்தே வாங்குங்க. மாட்டின பிறகு ஸ்மார்ட் பூட்டு, ஏர்கான், ரோபோ வேக்கம் எதாவது சேர மாட்டேன்னு அடம் பிடிச்சா அது பெரும்பாலும் 2.4 மட்டும் தெரிஞ்ச சாமான், ஆப்ல ஐஓடி நெட்வொர்க்குன்னு 2.4-க்கு மட்டும் தனிப் பேர் ஒண்ணு போட்டுக் குடுத்தா சேர்ந்துடும்.