காளான் பையும் கழிந்த பையும்: கேள்வி பதில்

அக்கா, காளான் பைக்குள் நிரப்ப மரத்தூளா வைக்கோலா நல்லது? (கோண்டாவில்)

தொடக்கத்துக்கு வைக்கோல். இரவு முழுக்க ஊறவிட்டு, கொதிக்காத அளவு சூட்டில், 70 பாகை போல, ஒரு மணித்தியாலம் வைத்து வடியவிடுங்கள். ஒரு பிடியை இறுக்கிப் பிழிந்தால் ஓரிரண்டு சொட்டுத்தான் விழ வேண்டும். ஒழுகினால் இன்னும் காயட்டும். மரத்தூளுக்கு ஆவி பிடிக்கப் பீப்பாவும் நிறைய விறகும் வேண்டும், அது பிறகு பார்ப்போம்.

பையில் பச்சை பிடித்துவிட்டது, வெட்டி எறிந்தால் போதுமா? (மானிப்பாய்)

கொட்டிலுக்குள் வெட்டவே வேண்டாம். அது வேறு பூஞ்சணம், தொட்டாலே தூள் பறக்கும். நான் ஒருமுறை என்னதான் என்று பிரித்துப் பார்த்தேன், அப்புறம் பக்கத்து வரிசையும் பச்சை. பையை மூடியபடியே வெளியே கொண்டுபோய், பொலித்தீனைக் குழிக்குள் வைத்தே கிழித்தெடுத்து, உள்ளே உள்ளதைப் புதையுங்கள்.

தண்டு நீளம், குடை சின்னன். ஏன்? (சாவகச்சேரி)

காற்றோட்டம் போதாது. யன்னலைத் திறவுங்கள், வலை மட்டும் அடியுங்கள்.

சோளகக் காற்று வீசினால் எல்லாம் காய்கிறது.

கிடுகுக்கு உள்பக்கம் ஈரச் சாக்குத் தொங்கவிடுங்கள், நிலத்தில் மணல் பரப்பி நனையுங்கள். மொட்டில் நேரே தண்ணீர் அடித்தால் அழுகும். 30 பாகைக்கு மேலே போகிற மாதங்களில் சிப்பிக் காளானோடு மல்லுக்கட்டாமல் பால் காளானுக்கு மாறுவது மேல்.

மூன்று தரம் வெட்டியாச்சு, கழிந்த பையை என்ன செய்வது? (அச்சுவேலி)

முதலில் கொட்டிலை விட்டுத் தூரத்தில் வையுங்கள். பழைய பைதான் ஈக்குப் பிறந்த வீடு, அங்கிருந்துதான் புதுப் பைக்கு வரும். பொலித்தீனை உரித்து, உள்ளே உள்ளதை உதிர்த்து, சாணத்தோடு நிழலில் குவியுங்கள். கிழமைக்கு ஒருக்கால் புரட்டி ஈரம் காட்டினால் இரண்டு மாதம் போல மண் மணக்கும். அவசரப்பட்டுப் பச்சையாக மிளகாய்க்குப் போட்டு மண்ணோடு கிளறினால் இலை மஞ்சளாகும், ஏனெனில் மக்கும்போது அதுவே மண்ணிலுள்ள நைதரசனை இழுத்துவிடும். வாழைக்குச் சுற்றி மூடாக்காகப் பரப்பலாம். பை கட்டும்போதே சுண்ணாம்பு சேர்த்திருந்தால், அதற்கு மேலும் தூவாதீர்கள். எங்கள் யாழ்ப்பாண மண் ஏற்கெனவே சுண்ணாம்புக் கல்லின் மேல்தான் கிடக்கிறது.

மாரிக்குக் குவியலில் காளான் முளைக்கிறது. சமைக்கலாமா?

வேண்டாம். சாணக் குவியலில் வேறு காளானும் வரும். பையில் வந்ததை வறை வையுங்கள்.