சரிவில் ஏறாத ரோபோவுக்கு அதிக ஆர்பிஎம் மோட்டார் வாங்கலாமா?

வாங்க வேண்டாம். உங்கள் இரு சக்கர ரோபோ சரிவில் திணறி நிற்கிறது, 200 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 200 சுற்று) கியர் மோட்டாரை மாற்றி 300 ஆர்பிஎம் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதே எண்ணத்தில் பணத்தைத் தொலைத்தவன் என்பதால் எழுதுகிறேன். ஒரே மோட்டாரில் கியர் விகிதத்தைக் குறைத்துத்தான் ஆர்பிஎம்மைக் கூட்டுகிறார்கள். வேகம் கூடும் அளவுக்கு டார்க், அதாவது சக்கரத்தைச் சுழற்றும் வலு, குறைந்துவிடும்.

உங்களுடையதும் என்னுடையதைப் போன்ற வண்டி என்றே எடுத்துக்கொள்கிறேன்: எடை ஒரு கிலோ, சக்கரத்தின் விட்டம் 65 மில்லிமீட்டர், 1:48 விகித (உள்ளே மோட்டார் 48 முறை சுற்றினால் சக்கரம் ஒரு முறை சுற்றும்) பிளாஸ்டிக் கியர் மோட்டார்கள் இரண்டு. 15 டிகிரிச் சரிவில் அதைத் தாங்கி நிறுத்தவே இரண்டுக்கும் சேர்த்து ஏறக்குறைய 0.85 கிலோ-சென்டிமீட்டர் டார்க் தேவை. கிளம்பி ஏறுவதற்கு அதைப்போல் இரு மடங்கு வைத்துக்கொள்வது நல்லது. இந்தக் கணக்கை மோட்டார் வாங்கிய பிறகுதான் போட்டேன் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.

அதற்கு முன் மூன்று இரவுகள் நிரலில் பிடபிள்யூஎம் மதிப்புகளை, அதாவது மின்சாரத்தை வேகமாக விட்டுவிட்டுக் கொடுத்து மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் எண்களை, மாற்றிக்கொண்டிருந்தேன். நான்காம் நாள் மல்டிமீட்டரை மோட்டாரின் முனைகளிலேயே வைத்தபோது, 6 வோல்ட் பேட்டரியிலிருந்து 4 வோல்ட்கூட அங்கே போய்ச் சேரவில்லை என்று தெரிந்தது. மீதியை, பேட்டரிக்கும் மோட்டாருக்கும் இடையே நின்று மோட்டாரை இயக்கும் எல்298என் டிரைவர் சிப் வெப்பமாக்கிக்கொண்டிருந்தது. அந்தச் சிப்பை நான் பழிப்பதாக யாரும் சண்டைக்கு வர வேண்டாம். 12 வோல்ட் மோட்டாருக்கு 2 வோல்ட் இழப்பு பெரிதல்ல, 6 வோல்ட் மோட்டாருக்கு அது மூன்றில் ஒரு பங்கு. மாஸ்ஃபெட் (மின்னழுத்தத்தைக் குறைவாகவே இழக்கும் டிரான்சிஸ்டர் வகை) கொண்ட டிஆர்வி8833 டிரைவரையும் 1:120 விகித மோட்டார்களையும் பொருத்திய பிறகு வண்டி மெதுவாக, ஆனால் நிற்காமல் ஏறியது.

மோட்டார் விற்பவர்கள் 'அதிக டார்க்' என்று பெரிய எழுத்தில் போடுகிறார்களே தவிர, சுழல முடியாமல் நிற்கும்போது மோட்டார் இழுக்கும் மின்னோட்டத்தை, அதாவது ஸ்டால் கரண்ட்டை, பெரும்பாலும் சொல்வதில்லை. டிரைவரையும் பேட்டரியையும் அந்த எண்ணை வைத்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். சதுரமான 9 வோல்ட் பேட்டரியால் அவ்வளவு மின்னோட்டத்தைத் தர இயலாது. அதை மாட்டிவிட்டு, மைக்ரோகன்ட்ரோலர் (நிரலை ஓட்டும் சிப்) தானாக ரீசெட் ஆகிறது என்று புலம்புபவர்களை இன்றும் பார்க்கிறேன்.

கட்டுப்பாட்டைப் பொறுத்தவரை, முழு வேகத்தில் ஓடும் மோட்டாரை உடனே எதிர்த்திசைக்குத் திருப்பாதீர்கள். அந்தக் கணத்தில் ஸ்டால் கரண்ட்டைவிடவும் அதிகம் பாயக்கூடும் என்பதால், வேகத்தைக் குறைத்து, சிறிது நிறுத்தி, பிறகு திருப்புங்கள். மெதுவாகக் கிளப்பும்போது அது முனகிக்கொண்டே நின்றால், முதல் 50 மில்லிவினாடிக்கு முழு மின்னழுத்தம் கொடுத்துவிட்டு வேண்டிய அளவுக்கு இறக்கலாம். 300 ஆர்பிஎம் மோட்டாருக்குப் பணம் கட்டுமுன், வண்டி சரிவில் திணறும்போது மோட்டாரின் முனைகளில் எத்தனை வோல்ட் இருக்கிறது என்று அளந்து, அந்த எண்ணைக் கேள்வியில் சேருங்கள்.